மேயர் வேட்பாளர் சொன்னால் வாடகை குறையுமா?
வாசகர் கேள்வி – பதில்

2021 நவம்பரில் அமைந்த நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 நவம்பரோடு முடிகிறது. அதிலிருந்து 90 நாளுக்குள் தென்னாப்பிரிக்கா முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும். வேட்பாளர்கள் வீதிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள் என்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது. வாடகை, ரேட்ஸ் வரி (நகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி), வீட்டுப் பத்திரம் பற்றிய கேள்விகளையே பெரும்பாலும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நியூயார்க்கில் ஜோரான் மம்தானி ‘வாடகையை ஏற்ற விடமாட்டேன்’ என்று சொல்லியே மேயராகிவிட்டார். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தவரும் அதையே சொல்கிறார். டர்பன் மேயரால் அது முடியுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முடியாது, அம்மா. அங்கே முடிவதற்கும் இங்கே முடியாததற்கும் காரணம் ஆளின் துணிச்சல் இல்லை, சட்டம்.

நியூயார்க்கில் ஏறத்தாழ 10 லட்சம் அடுக்குமாடி வீடுகளுக்குச் சட்டப்படி வாடகை வரம்பு உண்டு. அந்த வீடுகளில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை 9 பேர் கொண்ட ஒரு வாரியம் முடிவு செய்கிறது. வாடகைதாரர் தரப்பில் 2 பேர், வீட்டுக்காரர் தரப்பில் 2 பேர், பொதுமக்கள் சார்பில் 5 பேர். ஒன்பது பேரையும் நியமிப்பவர் மேயர். அதனால் ‘பூஜ்யம் சதவீதம்’ என்பது அவருக்கு எட்டுகிற வாக்குறுதிதான். 2015, 2016, 2020 ஆண்டுகளில் அதே வாரியம் ஓராண்டு ஒப்பந்தங்களுக்குப் பூஜ்யம் என்று முடிவெடுத்திருக்கிறது. 2025 ஜூனில் 3 சதவீதம் என்றது. வரம்புக்குள் வராத வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இதனால் நேரடியாக ஒன்றும் கிடைக்காது.

அவருடைய மற்ற வாக்குறுதிகளையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதலாக 2 சதவீத வரி என்றார். அதற்கு மாநில சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். இலவச பஸ் என்றார். அந்த பஸ்களை ஓட்டுவது மாநிலத்தின் போக்குவரத்து ஆணையம். ஒரே மூச்சில் சொன்ன மூன்றில் ஒன்றுதான் மேயரின் அதிகாரத்துக்குள் வருகிறது.

நம் நாட்டில் அந்த ஒன்றுகூட இல்லை. 1976-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1999-இன் வாடகை வீட்டுச் சட்டம் நீக்கிவிட்டது. தனியார் வீட்டு வாடகை இப்போது ஒப்பந்தத்தின்படிதான். வாடகை அநியாயம் என்று புகார் வந்தால் விசாரித்து நியாயமான தொகையை முடிவு செய்யும் அதிகாரம் மாகாணத்தின் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. அதன் உறுப்பினர்களை நியமிப்பவரும் மாகாண அமைச்சர்தான், மேயர் இல்லை. மம்தானி சின்ன வயதில் சில ஆண்டுகள் கேப்டவுனில் இருந்தவர் என்பதால் நாம் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்; அவருடைய வாரியம் அந்த உரிமையில் இங்கே வந்துவிடாது.

டர்பன் மேயர் வாடகை விஷயத்தில் செய்யக்கூடியது வேறு. நகராட்சிக்கே சொந்தமான குடியிருப்புகளின் வாடகையை மன்றம் முடிவு செய்யலாம். சும்மா கிடக்கும் நகராட்சி நிலத்தைச் சமூக வாடகை வீடு கட்டும் நிறுவனங்களுக்கு விடலாம். மாதம் 1,850 முதல் 22,000 ரேண்ட் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கான வீடுகள் அவை. அடுத்த முறை அந்த வேட்பாளர் வந்தால் ‘எந்த நிலம், எத்தனை ஹெக்டேர், எந்த ஆண்டு பட்ஜெட்டில்’ என்று மட்டும் கேளுங்கள். நில எண்ணோடு பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: மேயருக்கு ஓட்டுப் போட எந்தச் சீட்டு?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: அப்படி ஒரு சீட்டே இல்லை. டர்பன் போன்ற பெருநகரங்களில் உங்கள் கையில் தருவது இரண்டு சீட்டு. ஒன்றில் வார்டு கவுன்சிலர், இன்னொன்றில் கட்சி. அப்படி வந்த கவுன்சிலர்கள் கூடி, முதலில் சபாநாயகரையும் பிறகு மேயரையும் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். முடிவு அறிவித்த 14 நாளுக்குள் அந்த முதல் கூட்டம் நடக்க வேண்டும்.

2021-இல் டர்பனின் நகராட்சியான ஈதெக்வினி மன்றத்தில் 222 இடங்கள். பாதியைத் தாண்ட 112 வேண்டும். முதலாவதாக வந்த ஏ.என்.சி.க்குக் கிடைத்தது 96. ஆகவே மேயர் வேட்பாளர் என்று சுவரொட்டியில் சிரிப்பவர், இன்னொரு கட்சியின் தயவில்தான் நாற்காலியில் உட்காருவார்; அந்தக் கட்சி தன் பங்குக்கு எதை வெட்டச் சொல்லும் என்பதைச் சுவரொட்டி சொல்லாது. ஜோஹன்னஸ்பர்க்கில் 2016-க்குப் பிறகு மேயராக இருந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதாது. கூட்டணி உடைந்தால் நம்பிக்கையில்லாத் தீர்மானம், அடுத்த மேயர், அவருக்கு வேறு முன்னுரிமை.

இன்னொன்று. தேர்தல் தேதி அரசிதழில் வெளியாகும் நாளோடு வாக்காளர் பட்டியல் மூடப்படும். உங்கள் அடையாள எண்ணை 32810-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எந்த வாக்குச்சாவடியில் பெயர் இருக்கிறது என்று பதில் வரும். வீடு மாறியவர்கள் பழைய வார்டிலேயே பெயரை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் கோளாறு.

கேள்வி: ‘ஐந்து வருடத்துக்கு ரேட்ஸ் வரி, கரண்ட், தண்ணீர் எதுவும் ஏறாது’ என்று துண்டுச்சீட்டில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மெரிபேங்க்

பதில்: மூன்றையும் ஒரே வரியில் போட்டதே தப்பு. தனித்தனியாகப் பார்ப்போம்.

கரண்ட்டை நகராட்சி தயாரிப்பதில்லை. அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் மொத்தமாக வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கிறது. விலையை அனுமதிப்பது தேசிய எரிசக்தி ஒழுங்காணையமான நெர்சா. 2025 ஜூலை 1 முதல் நகராட்சிகளுக்கு எஸ்காம் ஏற்றிய விலை 11.32 சதவீதம். வாங்குகிற விலை அப்படி ஏறும்போது விற்கிற விலை அசையாது என்றால் நடுவில் உள்ள ஓட்டையை எங்கிருந்து அடைப்பது? தண்ணீரும் அப்படித்தான். உம்ங்கேனி–உதுகேலா நிறுவனத்திடம் மொத்தமாக வாங்குகிறோம். வாங்கியதில் பாதிக்கு மேல் கசிவிலும் திருட்டு இணைப்பிலும் மீட்டர் கோளாறிலும் காசாகாமல் போகிறது. தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிற வேட்பாளர் பைப் மாற்றுவதைப் பற்றிப் பேசவில்லை என்றால் கணக்கு தெரியாதவர் என்று அர்த்தம்.

ரேட்ஸ் வரி மட்டும் மன்றத்தின் கையில் முழுசாக இருக்கிறது. அதில்கூட விஷயம் இரண்டு: வீட்டின் மதிப்பு, ஒரு ரேண்டுக்கு எத்தனை சென்ட் என்ற விகிதம். உதாரணத்துக்கு, விலக்குகளைக் கணக்கில் சேர்க்காமல், 9 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு ரேண்டுக்கு 1.3 சென்ட் என்றால் வருடத்துக்கு 11,700 ரேண்ட். விகிதத்தைத் தொடாமலே புது மதிப்பீட்டுப் பட்டியலில் வீட்டை 11 லட்சம் என்று போட்டுவிட்டால் வரி 14,300 ஆகிவிடும். ‘விகிதம் ஏறாது’ என்று சொன்னவர் வாக்குத் தவறவில்லை. உங்கள் பர்ஸ்தான் தவறியது. சட்டப்படி எந்த வீட்டுக்கும் முதல் 15,000 ரேண்ட் மதிப்புக்கு வரி கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு விலக்கு என்பது ஒவ்வொரு நகராட்சியும் ஆண்டுதோறும் வெளியிடும் கட்டணப் பட்டியலில் இருக்கும். மூத்த குடிமக்களுக்கான தள்ளுபடியும் அதிலேயே இருக்கும். தள்ளுபடி கேட்பவர் பெயரில் பத்திரம் இருக்க வேண்டும், அவரே அங்கே குடியிருக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். நம் குடும்பங்களில் வீடு இன்னும் காலஞ்சென்ற அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கும். தள்ளுபடி மறுக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். முதலில் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் இறந்தவரின் சொத்து விவகாரத்தை முடித்துப் பெயர் மாற்றுங்கள்.

மதிப்பு அநியாயம் என்று தோன்றினால் ஆட்சேபம் போடலாம். பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபத்தில் பலர் சறுக்குவது ஆதாரத்தில். இன்றைய விரிசலைப் படம் எடுத்துக் கொடுப்பார்கள்; ஆனால் கணக்கில் வருவது பட்டியலில் குறித்த மதிப்பீட்டுத் தேதியில் இருந்த சந்தை விலை. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் உங்கள் தெருவில், அதே அளவு மனையில் விற்ற மூன்று வீடுகளின் பதிவு விலையைப் பத்திரப் பதிவு விவரத்தோடு கொடுங்கள். மதிப்பீட்டாளர் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால் அதை மேல்முறையீட்டு வாரியம் தானாகவே பரிசீலிக்க வேண்டும். ஆட்சேபம் போட்டாயிற்று என்று வரியைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை, வட்டி ஏறும்.

துண்டுச்சீட்டை வைத்திருங்கள். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் கடைசிக்குள் மன்றத்துக்கு வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நாம் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். நகராட்சி நிதிச் சட்டப்படி நிஜமாக வரக்கூடிய வருமானத்துக்குத்தான் பட்ஜெட் போட முடியும், அன்றாடச் செலவுக்கு நீண்டகாலக் கடன் வாங்கக் கூடாது. கட்டணம் ஏறாது என்றால் எந்தச் செலவுத் தலைப்பு குறையும் என்பதை வேட்பாளர் சொல்லியாக வேண்டும். குப்பை வண்டியா, சாலைப் பழுது பார்ப்பதா, காவலா?

கேள்வி: அரசு இலவசமாகக் கட்டித் தரும் ஆர்.டி.பி. வீட்டுப் பட்டியலில் என் மகள் பெயரை மேலே ஏற்றித் தர 500 ரேண்ட் கேட்கிறார்கள். கேட்பவர் ஒரு வேட்பாளரின் ஆள்.
– வாசகி, டொங்காட்

பதில்: ஒரு சென்ட் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் இலவசம். வீடு தேவைப்படுவோர் பதிவேட்டில் சேர்ப்பது அரசு அலுவலகம். கவுன்சிலருக்கோ வேட்பாளருக்கோ பெயரை நகர்த்தும் வேலை இல்லை. பதிவுக்கு அத்தாட்சி எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

மகளுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள் இருக்க வேண்டும் (1994 முதல் இதே தொகை, விலைவாசி எங்கே போயிற்று, இது எங்கே நிற்கிறது!). துணைவரோ தன்னை நம்பி இருப்பவர்களோ இருக்க வேண்டும். முன்பு சொந்த வீடு வைத்திருக்கவோ அரசு மானியம் பெற்றிருக்கவோ கூடாது. 2020 கடைசியிலிருந்து முதியவர், உடல் ஊனமுற்றவர், முன்னாள் விடுதலைப் போர் வீரர், பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளே நடத்தும் குடும்பம் ஆகியோருக்கு முன்னுரிமை. மற்றவர்களுக்குக் கட்டி முடித்த வீட்டைவிட, தண்ணீர், சாக்கடை வசதி செய்த மனையைத் தருவதையே அரசு விரும்புகிறது. இளம் வயது மகளுக்கு ‘அடுத்த வருடம் சாவி’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

மகளின் குடும்ப வருமானம் 3,501-க்கும் 22,000-க்கும் இடையில் என்றால் ஆர்.டி.பி. வரிசையை விடுங்கள். முதல் வீடு வாங்குவோருக்கான மானியம் இருக்கிறது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும்.

கேள்வி: காவடித் திருவிழாவில் அன்னதான வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்சி அரிசி மூட்டை கொடுத்தது. தப்பில்லையா?
– வாசகர், கிளேர்வுட்

பதில்: சோறு போட்டால் புண்ணியம். ‘எங்களுக்கே ஓட்டு’ என்று சொல்லிக் கொடுத்தால் தேர்தல் நடத்தை விதிமீறல். தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கோயில் குழுவினர் வளாகத்துக்குள் கட்சிக் கொடி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: ஐந்து ஆண்டில் 20,000 வீடு கட்டுவேன் என்கிறார் ஒருவர். எப்படிச் சோதிப்பது?
– வாசகர், லெனேசியா

பதில்: பென்சிலும் பழைய உறையின் பின்பக்கமும் போதும்.

வருடத்துக்கு 4,000. வேலை நாள் 250 என்று வைத்தால் தினமும் 16 வீட்டை முடித்துச் சாவி கொடுக்க வேண்டும், அதுவும் பதவியேற்ற மறுநாளிலிருந்து. ஒரு மனை 150 சதுர மீட்டர் என்றால் மனைக்கு மட்டும் 300 ஹெக்டேர். சாலை, பள்ளி, மழைநீர் வடிகாலுக்கு இடம் விட்டால் இரு மடங்கை நெருங்கும். அந்த நிலம் எங்கே? ஒரு வீட்டிலிருந்து நாளுக்கு 500 லிட்டர் கழிவுநீர் என்றால் 20,000 வீட்டிலிருந்து ஒரு கோடி லிட்டர். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த இடம் மிச்சம் இருக்கிறது?

திட்டங்கள் சாகிற இடம் இதுதான். சுவர் எழும்பி, கூரை போட்டு, பெயிண்ட் அடித்து நிற்கும் வீடுகள், மெயின் சாக்கடை வராததால் ஆள் ஏறாமல் கிடக்கும். ஆறு மாதத்தில் கதவு, ஜன்னல், செம்புக் கம்பி எல்லாம் களவு போகும். மறுபடி டெண்டர். நடுவில் ‘30 சதவீத வேலை எங்களுக்கு’ என்று வேலைத்தளத்தை மூடவைக்கும் கும்பல். கான்ட்ராக்டர் வெளியேறினால் புது கான்ட்ராக்டருக்கு மாதங்கள் போகும். தவிர, வீடு கட்டும் மானியத்தின் பெரும்பகுதி மாகாண அரசுக்குத்தான் போகிறது. பெருநகரங்களுக்குக் கையில் வருவது முக்கியமாக மனை வசதி, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவற்றுக்கான மானியங்கள். மேயரும் மாகாணமும் வேறு வேறு கட்சி என்றால் இழுபறியைச் சொல்லவே வேண்டாம்.

எனவே அவரிடம் ‘வீடு’ என்று எதை எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். குழாய் போட்ட மனையா, சாவி கொடுத்த வீடா, பத்திரம் கையில் வந்த வீடா? மூன்றுக்கும் மூன்று எண்ணிக்கை வரும். ஜோஹன்னஸ்பர்க்கில் 2019-இலேயே ஒரு கொள்கை வந்தது: 20 வீடோ அதற்கு மேலோ கட்டும் தனியார் திட்டங்களில் 30 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு எட்டுகிற வீடுகளாக இருக்க வேண்டும். அதை எத்தனை திட்டங்களில் கறாராக அமல்படுத்துவீர்கள் என்று கேட்பது 20,000 என்ற எண்ணைக் கேட்டுக் கைதட்டுவதைவிட உபயோகமானது.

உங்கள் ஊர் என்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேர்தல் சமயத்தில் ‘கவுன்சிலர் ஆசியோடு மனை’ விற்பவர்கள் கிளம்புவார்கள். 2012 நவம்பரில் லெனேசியாவில் மாகாண அரசு வீடுகளை இடித்தது நினைவிருக்கும். பலர் போலி ஆவணத்தை நம்பிக் காசு கொடுத்து வாங்கிய அரசு நிலம் அது. பணமும் போயிற்று, சுவரும் போயிற்று. காசு கைமாறும் முன் மனை எண்ணைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடி, உரிமையாளர் பெயரைப் பாருங்கள். கட்டணம் சொற்பம்.

கேள்வி: எங்கள் மூன்று மாடி ஃபிளாட்டை அவரவர் பெயருக்கே இலவசமாக எழுதித் தருவதாக எல்லாக் கட்சியும் சொல்கிறது. சந்தோஷப்படலாமா?
– குடியிருப்போர் சார்பில், வெஸ்ட்கிளிஃப், சாட்ஸ்வொர்த்

பதில்: பத்திரம் வரட்டும், நல்லது. 1994-க்கு முன் அரசு கட்டிய வாடகை வீடுகளை நீண்ட காலக் குடியிருப்போருக்கே மாற்றிக் கொடுக்கும் திட்டம் பல வருடமாகவே இருக்கிறது. எந்தக் கட்சியும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. நிறவெறி ஆட்சிக் காலத்தில் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் இறக்கிய குடும்பங்களுக்கு அது வர வேண்டிய கடன்தான்.

ஆனால் தனி வீட்டுக்கும் ஃபிளாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஃபிளாட் உங்கள் பெயருக்கு வந்த அன்றே கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், கழிவுநீர் இறங்கும் குழாய் எல்லாம் உங்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். அதை நிர்வகிக்க உரிமையாளர் சங்கம் ஒன்று சட்டப்படி உருவாகும். இனி மூன்றாவது மாடியில் ஒழுகினால் நகராட்சிக்குப் போன் செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வீடு உள்ள ஒரு பிளாக். கட்டட இன்ஷூரன்ஸ் கட்டாயம். பொது விளக்கு, தண்ணீர்த்தொட்டி, கணக்காளர், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடம் 1 லட்சத்து 44 ஆயிரம் ரேண்ட் என்று வைத்தால் வீட்டுக்கு மாதம் 1,000. இதற்கு மேல் பெரிய பழுதுக்கான சேமநிதி. முந்தைய ஆண்டின் நிர்வாக வசூலில் 25 சதவீதம்கூடச் சேமநிதியில் இல்லை என்றால், இந்த ஆண்டு நிர்வாக வசூலில் குறைந்தது 15 சதவீதத்தை அதில் போட வேண்டும் என்பது விதி. அதாவது வீட்டுக்கு மாதம் இன்னும் 150. பன்னிரண்டில் நான்கு வீடு கட்டவில்லை என்றால் மாதம் 4,600 குறையும். முதலில் நிறுத்துவது இன்ஷூரன்ஸாக இருக்கும். அடுத்த பெருமழையில் கூரை போனால் யாரும் வரமாட்டார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதைத் தவிர ரேட்ஸ் வரிக் கணக்கும் இனி ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக வரும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் வேட்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: மாற்றிக் கொடுக்கும் முன் கூரையையும் கழிவுநீர்க் குழாயையும் நகராட்சி தன் செலவில் சரிசெய்யுமா, அதற்கு இன்ஜினியர் அறிக்கை தருமா? பழைய வாடகை பாக்கியைத் தள்ளுபடி செய்யுமா, அல்லது புதுக் கணக்கில் ஏற்றுமா? பிளாக்கின் பிரிவுத் திட்ட வரைபடத்தை (ஒவ்வொரு ஃபிளாட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது) பதிவு செய்யும் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் கிடைக்கும் ‘இலவசம்’, நகராட்சி தன் பழுதுச் செலவை உங்கள் தலையில் இறக்கி வைப்பது.

குடும்பத்துக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. பழைய வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று பாருங்கள். இறந்துபோன மாமனார் பெயரோ, விவாகரத்தான கணவர் பெயரோ இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள். பத்திர நாளில் சண்டை வந்தால் அந்த ஒரு வீட்டுக் கோப்பு மட்டும் வருடக்கணக்கில் நிற்கும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். பிளான் இல்லை. ‘நான் மேயரானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சட்டப்படி ஆக்குவேன்’ என்கிறார் ஒருவர்.
– வாசகர், வெருலம்

பதில்: 1977-இன் தேசியக் கட்டடச் சட்டத்தை எந்த மேயரும் தள்ளிவைக்க முடியாது. மன்றத்தால் முடிவது, நகரத் திட்ட விதியில் இரண்டாவது குடியிருப்பைத் தனி அனுமதி இல்லாமலே ஏற்பது, தாமதமாக வருபவர்களுக்கு அபராதத்தைக் குறைப்பது, சின்னக் கட்டடங்களுக்கு முன்கூட்டியே தயாரித்து வைத்த வரைபடம் கொடுப்பது. அதைச் சொன்னால் கேட்கத் தகுந்த பேச்சு.

தேர்தலுக்குக் காத்திராமல் நீங்களே தொடங்குங்கள். கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு பெற்றவரை வைத்து, இருக்கிற கட்டடத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். பத்திர நகல், மனை அளவை வரைபடம் இரண்டும் வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு, தாள்கள் முழுசாக இருந்தால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ‘முழுசாக’ என்பதில்தான் பலரும் மாட்டுவார்கள். நகராட்சியின் சாக்கடைக் குழாய் மனைகளின் பின்புறமாகவே ஓடும் இடங்களில், அதன் மேல் அவுட்பில்டிங் நின்றால் ஒப்புதல் கிடைக்காது; இடிக்கவோ குழாயை மாற்றவோ வேண்டும். சரிவு மனையில் மண்ணைத் தாங்கும் சுவருக்கு இன்ஜினியர் கையெழுத்து கேட்பார்கள். கூரைத் தண்ணீர் கீழ்வீட்டு மனையில் விழுந்தால் அண்டைவீட்டார் ஆட்சேபம் நிச்சயம். ஒரே மீட்டரிலிருந்து மூன்று குடித்தனத்துக்கு அடுப்பும் கீஸரும் ஓடினால் வயர் சூடேறும். மின்சாரத் தகுதிச் சான்றிதழ் தர எலக்ட்ரீஷியன் மறுப்பார். இன்ஷூரன்ஸ் நிறுவனம் நெருப்புக்குப் பிறகு முதலில் கேட்பது ஒப்புதல் பெற்ற பிளானை.

வரைபடம் வெறும் காகிதம் என்பவர்களுக்கு டொங்காட்டையே காட்டலாம். 2013 நவம்பரில் ஒப்புதல் இல்லாமல் எழும்பிய வணிக வளாகம் சரிந்து 2 பேர் இறந்தார்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தரவில்லை, ‘பெயிண்ட் அடித்தேன்’ என்கிறார்.
– வாசகி, நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குடிவரும்போதும் காலி செய்யும்போதும் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும், காலி செய்யும்போது ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாளுக்குள். சேதம் எதுவும் இல்லையென்றால் டெபாசிட்டை வட்டியோடு 7 நாளில் தர வேண்டும். சேதம் இருந்தால் சரிசெய்த செலவுக்கு ரசீது காட்டி, மிச்சத்தை 14 நாளில். நீங்கள் பார்வையிட வராமல் போயிருந்தால்தான் அவருக்கு 21 நாள். வீட்டுக்காரரே பார்வையிடக் கூப்பிடவில்லை என்றால், வீடு நல்ல நிலையில் இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பெயிண்ட் பேச்சு எடுபடாது.

வாட்ஸ்அப்பில் தேதியோடு ஒரு கோரிக்கை அனுப்புங்கள். பிறகு மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் உத்தரவின் பலம் உண்டு. இதைப் படிக்கிற, இன்னும் வாடகையில் இருக்கும் மற்றவர்களுக்கு: புகார் நடக்கும்போது வாடகையை நிறுத்தினால் உங்கள் பக்கம் பலவீனமாகும். வீட்டுக்காரர் பூட்டு மாற்றினாலோ கரண்ட்டை வெட்டினாலோ அது சட்டவிரோதம். நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்பது அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டில் முந்தைய உரிமையாளரின் பழைய தண்ணீர் பாக்கி இருக்கிறது. மேயர் மாறினால் தள்ளுபடி வரும் என்று காத்திருக்கச் சொல்கிறார் புரோக்கர்.
– வாசகர், இசிபிங்கோ

பதில்: காத்திருக்க வேண்டாம். பத்திரம் மாற்ற நகராட்சியின் பாக்கியில்லாச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கடைசி 2 ஆண்டு பாக்கியைத் தீர்க்க வேண்டும், அது விற்பவர் பொறுப்பு. அதற்கும் முந்தைய பாக்கி புது உரிமையாளரைத் தொடராது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதுக் கணக்கு திறக்கப் போகும்போது பழைய பாக்கியைக் கட்டச் சொன்னால், அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்தில் மறுப்புக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். மீட்டர் எண்ணையும் சாவி வாங்கிய நாளின் அளவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் தகராறில் பாதி அந்த ஒரு எண்ணில்தான் நடக்கும்.